கதையால் யாரும் சாகவில்லை, ஐயா

அந்தப் பதிவை இங்கே பகிரப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. காளை மாடு பூமியைக் கொம்பில் தாங்கி நிற்கும் படம், அடியில் "இதையெல்லாம் நம்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தா சாகாம என்ன செய்வாங்க" என்று ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் நமக்குத் தெரிந்த முகங்கள். என் பழைய வாத்தியார்கூட.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்கள், பூமியைத் தாங்கும் காளை கொம்பு மாற்றினால் நிலம் ஆடும் என்ற பாட்டிக் கதையை நம்பியதால்தான் சாகிறார்களாம். சரி. யார், எங்கே, எதனால் செத்தார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுவோமே.

2023 டிசம்பர் 3. மராப்பி எரிமலை வெடித்து 24 மலையேறிகள் மாண்டார்கள். இந்த மராப்பிதான் அவர்களுடைய ஆதிமலை. மலை வாத்து முட்டை அளவு இருந்த காலத்தில் முன்னோர்கள் அங்கே வந்து இறங்கினார்கள் என்று அவர்களுடைய பழங்கதை சொல்லும். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் வெடிப்பதற்கு முன்பே அந்த மலை இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்தது. எரிவாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று எரிமலை ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியும் இணையத்தில் முன்பதிவு செய்து ஏற அனுமதி கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளை மேலே ஏற்றியது வாத்து முட்டையா, அனுமதிச் சீட்டா?

2024 மே 11. அதே மலை கக்கி வைத்திருந்த சாம்பலையும் பாறையையும் கனமழை கீழே இழுத்து வந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி மலையிலிருந்து சேறும் கல்லுமாக இறங்கும் வெள்ளத்தை அங்கே 'கலோடோ' என்பார்கள். கிழவிகளுக்குத் தெரியும். லெம்பா அனாய் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிக் கட்டடம் எழுப்பியவர்களுக்குத்தான் தெரியவில்லை. இதில் கதை எங்கே வந்தது?

2009 செப்டம்பர் 30. மேற்குச் சுமத்ராவின் தலைநகரான பாடாங்கில் நிலநடுக்கம், அளவு 7.6, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். மலைச்சரிவில் கிராமங்களே புதைந்தன. நகரத்தில் ஆளை நசுக்கியது கம்பியும் சிமென்ட்டும்: விடுதி, கடை, பள்ளிக்கூடம். மினாங்கபாவ் மக்களின் பழைய மரவீடான ரூமா காடாங்கின் தூண்களை மண்ணில் புதைக்க மாட்டார்கள். கல்லின் மேல் நிறுத்துவார்கள். ஆணிக்குப் பதில் மரமுளை. நிலம் ஆடினால் வீடும் சேர்ந்து ஆடும். மரவீடுகள் எல்லாமே தப்பின என்று நான் சொல்லவில்லை, உடனே அதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

அன்றைக்கு அந்த ஆட்டம் கோலாலம்பூர் வரைக்கும் வந்தது, நினைவிருக்கிறதா? மாலை ஆறேகால். எங்கள் அடுக்குமாடியில் விளக்கு ஊஞ்சலாடியது. என் வீட்டுக்காரர், கட்டுமானப் பொறியாளர், நேரே போய் மின்தூக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக்தான் "தங்கா! தங்கா!" (படிக்கட்டு! படிக்கட்டு!) என்று கத்தி எங்களைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினார். அவர் கோலப் பிலாவில் பிறந்தவர். நெகிரி செம்பிலான்காரர்கள் பலரைப் போல அவருடைய முன்னோரும் சுமத்ராவிலிருந்து வந்தவர்களே. கீழே புல்வெளியில் உட்கார்ந்திருந்தபோது என் மகளுக்கு அந்தக் காளைக் கதையை அவர்தான் சொன்னார். "காளை கொம்பு மாத்துச்சுன்னா நீ வெளியே வந்திடணும், அவ்வளவுதான்." நீங்கள் படம் போட்டுச் சிரித்த அதே காளைதான், ஐயா.

"அப்போ சைரனுக்குப் பதிலா கதை சொல்லச் சொல்றீங்களா?" என்று ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? சைரனும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். பாடாங்கின் பெரிய பள்ளிவாசலைச் சுனாமிக்கு ஏறி நிற்கிற இடமாகவும் சேர்த்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள், கூரை மட்டும் ரூமா காடாங்கின் கொம்புச் சாயலில். அவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருக்க முடிகிறது. நமக்குத்தான் ஒன்றை மிதித்தால்தான் இன்னொன்று வருகிறது.

மெந்தாவாய் தீவுகளின் 2010 சுனாமியை இழுப்பீர்கள். அங்கே அதிர்வு மெதுவாக வந்ததால் பலர் ஓடவில்லை, நானூறுக்கு மேல் போனார்கள். உண்மைதான். கதை அதற்கு உதவியிருக்காது. விட்டுவிடுவோம்.

அடுத்தது, எல்லாம் விதி என்று இருந்துவிடுகிறார்கள் என்ற பேச்சு. 2009 நடுக்கம் அங்கத்திய நேரம் 17:16க்கு வந்ததை வைத்து, குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 16ஆம் வசனத்தைப் பாருங்கள், இது தண்டனை என்று செய்தி பரவியது. மறுக்கவில்லை. ஆனால் அது பாட்டி மடியில் வைத்துச் சொன்ன கதையா? கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி! அதை அனுப்பியவர்கள் படித்தவர்கள். அதையும் மினாங்கபாவ் கதையின் கணக்கில் எழுதாதீர்கள்.

கதை வேலை செய்த இடமும் இருக்கிறது. அச்சே மாநிலத்தின் சிமெலுவே தீவில் 1907 சுனாமி அலையை 'ஸ்மோங்' என்று பாட்டும் பேச்சுமாகக் கைமாற்றி வந்தார்கள். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த தீவில் இறந்தது ஏழே பேர். ஆமாம், அவர்கள் மினாங்கபாவ் இல்லை. தெரியும். திருத்த வேண்டாம்.

அதே 2004இல் நம் கதை என்ன? என் அப்பா வழி நாகூர். பாடாங்கில் இன்றைக்கும் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர்கள் ஆண்டுதோறும் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் பள்ளிவாசல் கூரையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் வீசுகிறார்கள். இரண்டு ஊருக்கும் அவ்வளவு நெருக்கம். நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்கள், எங்கள் சொந்தத்திலும். கடல்கோள் என்று நாம் பேசாத மேடை உண்டா? புகாரைக் கடல் கொண்டது என்போம், கபாடபுரம் என்போம், அதை வைத்து ஒரு கண்டத்தையே வளர்த்தோம். ஒரு குழந்தைக்காவது "கடல் மாறினால் ஓடு" என்று சொல்லித் தந்தோமா? கதையைப் பெருமைக்கு வைத்துக்கொண்டவர்கள், பிழைப்பதற்கு வைத்துக்கொண்டவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்புதான்.

1797இல் பாடாங்கில் நங்கூரமிட்டிருந்த ஓர் ஆங்கிலேயக் கப்பலை அலை தூக்கி ஆற்று வழியாக ஊருக்குள் கொண்டுபோய்ப் போட்டது. 1833இல் மறுபடியும் பெரும் நடுக்கம். இது ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று பவளப்பாறைகளின் வளையங்களைப் படித்து அறிவியலாளர்கள் சொன்னார்கள். அதே ஊரின் ஆயர் மானிஸ் கடற்கரையில் மாலின் குண்டாங் கல் கிடக்கிறது: பெற்ற தாயை யாரென்றே தெரியாது என்றவனின் கப்பலைப் புயல் உடைத்து, அவனைக் கல்லாக்கிய கதை. அந்தக் கப்பல்தான் இந்தக் கப்பல் என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். அங்கே போகிறவர்கள் கல்லோடு படம் எடுத்துக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள்.

பதிவு போட்டவருக்குக் கடைசியாக ஒன்று. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாடாங் போகிறீர்கள் என்று உங்கள் முந்தைய பதிவில் பார்த்தேன். போய் வாருங்கள், ரெண்டாங் கறி நன்றாக இருக்கும். அங்கே சில சாலைகளில் நீலக்கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் சுனாமிக்குப் பாதுகாப்பு. விடுதியிலிருந்து அது எந்தப் பக்கம் என்று யாராவது ஒரு கிழவியிடம் கேட்டு வையுங்கள்.