வீட்டுக்குள் வந்த முள்மரம்

(இடம்: அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டம், எனிஸ் ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீடு. நாள்: மே 1. மகள் கயல் அங்கே மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அப்பா முப்பது வருடம் ரோடு போட்டு ரிட்டயர் ஆனவர், விசிட்டர் விசாவில் வந்து பதினோரு நாள் ஆகிறது. இன்னும் ஜெட் லாக் போகவில்லை என்கிறார். மத்தியானத்தில் தூங்குகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.)

அப்பா: கயல், கருவாடு எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறாயா? உண்மையைச் சொல், அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

கயல்: இங்கே ஏதுப்பா கருவாடு?

அப்பா: காலையிலிருந்து தேடுகிறேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தேன், சோபாவுக்கு அடியில் பார்த்தேன், என் சூட்கேஸைக்கூட மோந்து பார்த்துவிட்டேன். ஹாலுக்கு வந்தால்தான் அடிக்கிறது. செத்த எலியும் இல்லை, மீனும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஒன்று.

கயல்: அது என் பூவாக இருக்கும்.

அப்பா: பூவா! பூ இப்படியா நாறும்?

கயல்: ஜன்னலோரம் ஜாடியில் வெள்ளையாக இருக்கிறதே, ஹாத்தார்ன். முள்மரம். நேற்று சாயங்காலம் பின்னால் இருக்கிற வயலிலிருந்து நாலு கொப்பு வெட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்குப் பெல்டேன் இல்லையா.

அப்பா: யாருக்குப் பெல்ட்?

கயல்: பெல்டேன், பண்டிகைப்பா. இந்த ஊர்க் கணக்கில் இன்றைக்குத்தான் கோடை பிறக்கிறது. உங்களிடம் சொல்லவில்லை, நான் ஒரு வருடமாக ஒரு ஆன்மிக வழியில் இருக்கிறேன். இயற்கையைக் கும்பிடுவது. பேகன் என்று சொல்வார்கள். அதில் எங்களுடையது ஃபேரி வழி, அதாவது தேவதை வழி.

அப்பா: (வெளியே பார்க்கிறார். மழை.) இது கோடையா?

கயல்: ஆமா.

அப்பா: சரி, சொல். எத்தனை பண்டிகை?

கயல்: வருடத்துக்கு எட்டு. சம்ஹெய்ன், இம்பொல்க், பெல்டேன், லூனசா, இந்த நாலும் பழைய ஐரிஷ் பண்டிகைகள். பகல் ரொம்ப நீளமான நாள், ரொம்பக் குறைவான நாள், பகலும் இரவும் சமமாக வருகிற ரெண்டு நாள், இந்த நாலையும் சேர்த்து எட்டாக்கி ஒரு சக்கரம் போல அடுக்கியது 1950-களில், இங்கிலாந்தில்.

அப்பா: 1950-களிலா? அது நான் பிறந்த காலம். என் வயசுள்ள ஆதிகாலப் பண்டிகையா?

கயல்: அதில் பாதி ஆதிகாலம்.

அப்பா: லீவு உண்டா?

கயல்: பழைய நாலுக்கும் பக்கத்தில் ஒரு திங்கட்கிழமை லீவு வந்துவிடும். பிப்ரவரியில் மட்டும் இல்லாமல் இருந்தது, 2023-லிருந்து அதையும் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா: அப்படியென்றால் நல்ல மதம்தான். குரு யார்?

கயல்: ஒரே குரு என்று கிடையாது. ஆனால் ஃபேரி என்ற பெயரையே வைத்துக்கொண்டு ஒரு மரபு இருக்கிறது, விக்டர் ஆண்டர்சன் என்றொருவரும் அவர் மனைவி கோராவும் நடத்தியது. அவருக்குக் கண்பார்வை அநேகமாக இல்லை. 2001-ல் காலமானார். கலிஃபோர்னியாவில் இருந்தார்கள்.

அப்பா: அயர்லாந்துத் தேவதைக்குக் கலிஃபோர்னியாவில் ஹெட் ஆபீஸா? இங்கே இருக்கிற ஆட்களைக் கேட்டால் ஆகாதா?

கயல்: (கொஞ்சம் தயங்கி) இங்கே கேட்டால் பேச மாட்டேன் என்கிறார்கள்.

அப்பா: ஏனாம்?

கயல்: ஃபேரி என்ற வார்த்தையையே சொல்ல மாட்டார்கள்ப்பா. பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன், குரலைத் தாழ்த்தி ‘நல்லவங்க’ என்று மட்டும் சொன்னாங்க. பழைய பெயர் ஷீ.

அப்பா: ஷீ என்றால் பொம்பளையா?

கயல்: ஆம்பளையும் ஷீதான். மேடு, குன்று என்று அர்த்தம். இந்த நாட்டை முன்னால் ஆண்டவர்கள் போரில் தோற்று மண்ணுக்கு அடியில் போய்விட்டார்களாம், அவர்கள்தான் இவர்கள் என்று கதை. இறக்கை, மந்திரக்கோல் எல்லாம் பின்னால் நாடகக்காரர்களும் படம் வரைகிறவர்களும் ஒட்டியது.

அப்பா: அந்தம்மா சொன்னது எனக்குப் புரிகிறது. விஷம் உள்ளதைத்தானே நாம் நல்ல பாம்பு என்கிறோம்? சாரைப்பாம்பை யாராவது நல்லது என்று சொன்னதுண்டா? நல்லவங்க என்று பெயர் வைத்தால் கடிக்கும் என்று அர்த்தம்.

கயல்: எங்கள் குழுவில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் நம்மோடு பேச ஆசைப்படுகிறார்கள், நாம்தான் மனசைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஜன்னலோர மேடை. ஒரு கல், ஒரு மெழுகுவத்தி, ரிப்பன், ஒரு கிண்ணம் பால். நேற்று ராத்திரி பால் வைத்தேன், காலையில் எழுந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை! எனக்குக் கை நடுங்கிவிட்டது. கிண்ணத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நாற்பத்தொரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

(அப்பா கையிலிருக்கும் காபி டம்ளரைப் பார்க்கிறார். மெதுவாகக் கீழே வைக்கிறார்.)

கயல்: அப்பா.

அப்பா: ஃப்ரிட்ஜில் பால் தீர்ந்துபோயிருந்தது.

கயல்: அப்பா!

அப்பா: சாமிக்கு வைத்தது என்றால் மூடி வைக்க வேண்டாமா? நான் ஈ விழுந்துவிடுமே என்று எடுத்தேன். நாற்பத்தொரு பேரும் போட்ட இதயம் எனக்கு என்று வைத்துக்கொள், எனக்கும் வயசாகிறது.

கயல்: எங்கள் குழுவில் ஒருத்தர் அழுதே விட்டார்.

அப்பா: பாவம். அவரிடம் காபி நன்றாக இருந்தது என்று சொல். சரி, போட்டோவில் தேவதை விழுந்ததே கிடையாதா?

கயல்: இங்கிலாந்தில் காட்டிங்லி என்று ஒரு ஊர். 1917-ல் பதினாறு வயசுப் பெண் ஒருத்தியும் ஒன்பது வயசுப் பெண் ஒருத்தியும் ஓடைக்கரையில் ஃபேரியோடு படம் எடுத்தார்கள். கானன் டாயிலே நம்பிவிட்டார், 1920-ல் பத்திரிகையில் எழுதினார்.

அப்பா: துப்பறியும் கதை எழுதினவரா! அவரிடம் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?

கயல்: எட்வர்ட் கார்ட்னர் என்று பிரம்மஞான சபைக்காரர் ஒருத்தர் நடுவில் இருந்தார்.

அப்பா: நம் அடையாறு ஆலமரத்துச் சபையா? அங்கே நான் காற்று வாங்கப் போயிருக்கிறேன், ஒருத்தரும் இதைச் சொல்லவில்லையே. அப்புறம்?

கயல்: 1983-ல் ரெண்டு பேரும் கிழவியான பிறகு ஒத்துக்கொண்டார்கள். அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிற்க வைத்தது. ஆனால் சின்னவள் மட்டும் கடைசிவரை, நாலு படம்தான் பொய், ஐந்தாவது நிஜம் என்றே சொன்னாள்.

அப்பா: எங்கள் காண்ட்ராக்டர் பில் மாதிரியே இருக்கிறது. நாலு வவுச்சர் மாட்டிக்கொண்டால் அஞ்சாவதுக்குச் சத்தியம் பண்ணுவான்.

(அப்பா ரோட்டுப் பேச்சை ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம். கயலுக்குத் தெரியும், ஆனாலும் அடுத்ததை அவளேதான் எடுத்துக் கொடுத்தாள்.)

கயல்: நீங்கள் சிரிக்கிறீர்கள். முந்தாநாள் லிமரிக் போகிற பஸ்ஸில், ரோட்டோரம் வேலிக்குள் ஒரு புதர் நிற்கிறதே என்று கேட்டீர்களே. லாட்டூன் என்கிற இடம். அதுவும் இதே முள்மரம்தான். 1999-ல் பைபாஸ் போட வந்தபோது எடி லெனிஹன் என்கிற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார். மன்ஸ்டர் தேசத்து ஃபேரிகள் கானக்ட் ஃபேரிகளோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம் அது, வெட்டினால் அந்த ரோட்டில் விபத்து நடக்கும் என்று எச்சரித்தார்.

அப்பா: மனு கொடுத்தது சரி. முடிவு?

கயல்: புதரைத் தொடாமல் ரோடு போட்டு, சுற்றி வேலியும் கட்டிவிட்டார்கள்.

அப்பா: (எழுந்து நிற்கிறார்) என்னது! ஒரு புதர்! இடுப்பு உயரம் ஒரு புதர்! அதற்கு எஞ்சினியர் கையெழுத்துப் போட்டானா? என் சர்வீஸில் நூறு வயசுப் புளியமரம் எத்தனை சாய்த்திருக்கிறேன், ஒரு கதைசொல்லியும் வரவில்லையே எனக்கு.

கயல்: 2002-ல் யாரோ ராத்திரியில் வந்து ரம்பத்தால் கிளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். மறுபடி துளிர்த்துவிட்டது.

அப்பா: முள் சாதி அப்படித்தான்.

கயல்: இன்னொன்று கேளுங்கள். 2017-ல் கெரி மாவட்டத்து எம்.பி. டேனி ஹீலி-ரே, N22 என்கிற ரோட்டில் ஒரு பள்ளம் சரிபண்ணச் சரிபண்ண மறுபடி விழுகிறது, பக்கத்தில் தேவதைக் கோட்டைகள் இருப்பதுதான் காரணம் என்று பேசினார்.

(அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம் பேச்சே இல்லை.)

அப்பா: முப்பது வருடம்... முப்பது வருடமும் நாங்கள் மழை என்றுதான் எழுதினோம் கயல். கனரக வாகனம் என்று எழுதினோம். ஆடிட் ஆட்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பார்கள். தேவதை என்று ஒரு வரி எழுத ஒருத்தனுக்குத் தோன்றவில்லையே! அது என்ன கோட்டை?

கயல்: வட்டமாக மண் கரை எடுத்த மேடு. ஆயிரம், ஆயிரத்தைநூறு வருடத்துக்கு முன்னால் விவசாயிகள் வீடு கட்டி, மாடு அடைத்த இடம்தான் முக்கால்வாசி. நாட்டில் இன்னும் நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றனவாம்.

அப்பா: எப்படி மிஞ்சியது? இவ்வளவு நல்ல மண்ணை உழாமல் எவன் விட்டான்?

கயல்: ஃபேரிகள் குடியிருக்கிற இடம் என்று யாரும் தொட மாட்டார்கள்.

அப்பா: பார்த்தாயா. உன்னைப்போல மெழுகுவத்தி ஏற்றியா காப்பாற்றினார்கள்? பயந்து ஒதுங்கிப் போயிருக்கிறான், அதனால் மிஞ்சியிருக்கிறது. உங்கள் குழுவில் எல்லோரும் தேவதையோடு சிநேகம் பிடிக்கப் பார்க்கிறீர்கள், இந்த ஊர்க்காரன் தேவதை தன்னைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும் என்று இருந்திருக்கிறான். எங்களுக்கும் ஒரு மரம் வாய்த்தது. ஆள் ஒருத்தன் கோடாலி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான், முனி இருக்கிறதாம். காண்ட்ராக்டர் சேவல், சாராயம், சுருட்டு எல்லாம் வைத்துப் படையல் போட்டுத்தான் வெட்டினான். இதர செலவில் எழுதினோம்.

கயல்: ஒன்றும் ஆகவில்லையே?

அப்பா: ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ரோடு ரோலர் அச்சு முறிந்தது. அது பழைய அச்சு. மேஸ்திரிக்கு மஞ்சள் காமாலை வந்தது, அது தண்ணீர் சரியில்லாதது. எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது, அதற்கு வேறு காரணம். (யோசித்து) ஆமாம், காலையில் பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

கயல்: எப்போது? ஏன் உள்ளே கூப்பிடவில்லை?

அப்பா: கூப்பிட்டேன். கையில் ஆப்பிள் டார்ட்டோடு கேட்டைத் திறந்தாங்க, ஜன்னலைப் பார்த்தாங்க, சிலுவை போட்டுக்கொண்டாங்க, டார்ட்டை மதில் மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டாங்க. நான் சட்டை போடாததால் என்று நினைத்தேன்.

(கயல் ஃபோனை எடுக்கிறாள். பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து வந்த குறுஞ்செய்தி ஒன்று படிக்காமல் கிடக்கிறது. படிக்கிறாள். முகம் வெளுக்கிறது.)

அப்பா: என்ன?

கயல்: முள்மரத்துப் பூவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதாம். கொண்டுவந்தால் அந்த வீட்டில் ஒரு சாவு விழுமாம். அதை வெளியே எடுக்கிற வரைக்கும் வர மாட்டேன் என்கிறாங்க. எந்த மரத்தில் வெட்டினாய் என்றும் கேட்டிருக்கிறாங்க.

அப்பா: எந்த மரத்தில் வெட்டினாய்?

கயல்: வயல் நடுவில் தனியாக நிற்கிறதே.

அப்பா: டிராக்டர்காரன் சுற்றிச் சுற்றி உழுதானே, அதிலா? நான் அன்றைக்கே நினைத்தேன், இவ்வளவு டீசல் செலவு பண்ணி ஒருத்தன் சுற்றுகிறான் என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்று. தனியாக நிற்கிற மரத்தைத் தொடலாமா? இது உன் கலிஃபோர்னியாவில் சொல்லவில்லையா?

கயல்: இருங்கள், பதறாதீர்கள். இதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. அந்தப் பூவில் டிரைமெத்தில் அமீன் இருக்கிறது. மீன் கெட்டால் வருகிற வாடையும் அதுதான், உடம்பு அழுகத் தொடங்கினாலும் அதுதான். அந்தக் காலத்தில் பிணத்தை வீட்டில் வைத்துத்தானே காத்திருந்தார்கள், அந்த வாசனையை எல்லோருக்கும் தெரியும். அதனால் பூவுக்கும் சாவுக்கும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

அப்பா: அவ்வளவுதானே. அப்படியென்றால் எடுத்து வெளியே போடு.

(கயல் நகரவில்லை.)

கயல்: நீங்கள் எடுங்கள். உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே.

அப்பா: எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எனக்கு ரெண்டு மாதம் விசா பாக்கி இருக்கிறது. உனக்குத்தான் அவர்கள் சிநேகிதர்கள், மனசைத் திறந்து எடு.

கயல்: இன்றைக்குப் பெல்டேன்ப்பா, அவர்கள் நடமாடுகிற நாள்.

அப்பா: அடுப்படியில் இடுக்கி இருக்கிறதா? இரும்புதானே? இரும்பு கண்டால் ஒதுங்கும் என்பார்கள்.

கயல்: இங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்பா: கொண்டுவா. குடையையும் எடு.

(மழை. வயல் நடுவில் முள்மரம். அப்பா மங்கி குல்லாவோடு, இடுக்கியில் பிடித்த கொப்புகளை ஒரு கை தூரத்தில் நீட்டியபடி நடக்கிறார். கயல் மூன்றடி பின்னால் குடையோடு, குடை அவளுக்கு மட்டும். அப்பா கொப்புகளை மரத்தடியில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார்.)

அப்பா: பெறுநர், உயர்திரு நல்லவங்க அவர்கள். ஐயா, அம்மா. பொருள்: நாலு கொப்புகள் திரும்ப ஒப்படைத்தல் தொடர்பாக. மேற்படி கொப்புகள் நேற்று மாலை என் மகளால் விவரம் தெரியாமல் வெட்டப்பட்டன. இதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. நான் ரிட்டயர்டு, விசிட்டர் விசா. பழைய புளியமரங்கள் வேறு வட்டம், இங்கே சேராது.

கயல்: அவர்களுக்குத் தமிழ் புரியுமா?

அப்பா: மனு என்றால் எந்த மொழியிலும் புரியும்.

கயல்: பாலைப் பற்றிச் சொல்லவில்லையே?

அப்பா: அது தனிக் கோப்பு. நட, திரும்பிப் பார்க்காதே.