லினக்ஸ் போட்டால் யுஎஸ்பி போர்ட் எரிந்துவிடுமா? பரவும் செய்தியும் உண்மையும்

"பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் யுஎஸ்பி போர்ட்டுகளில் அதிக மின்சாரம் பாய்ந்து எரிந்துவிடும், மதர்போர்டையே மாற்ற வேண்டும்" என்றொரு செய்தி பெங்களூருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறான தகவல். லினக்ஸ் என்பது விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதள மென்பொருள்தான்.

போர்ட்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் தருவது மதர்போர்டின் மின்சுற்று. செருகிய சாதனம் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தால் அந்தச் சுற்றுதான் தடுக்கிறது. லினக்ஸ் அதை 'ஓவர்-கரண்ட்' என்று பதிவுசெய்கிறது, அவ்வளவே. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) 'sudo dmesg' (டிமெஸ்க்) கட்டளை கொடுத்தால் இப்பதிவுகளை நீங்களே பார்க்கலாம்.

மவுஸோ பென் டிரைவோ அவ்வப்போது துண்டிக்கப்பட்டால், மின்சாரத்தை மிச்சப்படுத்த, பயன்பாட்டில் இல்லாத சாதனத்தை உறங்கவைக்கும் 'ஆட்டோசஸ்பெண்ட்' அமைப்பு காரணமாக இருக்கலாம். அதன் இயல்பான காத்திருப்பு 2 விநாடி. அதை அணைக்கும் வழி லினக்ஸ் கெர்னலின் (அதன் மையப் பகுதியின்) அதிகாரபூர்வ ஆவணத்தில், யுஎஸ்பி மின் மேலாண்மைப் பகுதியில் உள்ளது.

பழுது எங்கே என்று அறிய எளிய சோதனை உண்டு: பூட் செய்யக்கூடிய (லேப்டாப்பைத் தொடங்கவல்ல) பென் டிரைவைச் சந்தேகத்துக்குரிய போர்ட்டில் செருகி, லினக்ஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். அங்கே பென் டிரைவ் தெரிந்தால், போர்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. தெரியாவிட்டால், லேப்டாப்பை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பஞ்சுத் தூசி அடைந்திருக்கலாம், அல்லது தகடு வளைந்திருக்கலாம். போர்ட்டை மதர்போர்டுடன் இணைக்கும் பற்றவைப்பு (சால்டரிங்) விட்டுப்போயிருந்தால்கூடப் பல மாடல்களில் போர்ட்டை மட்டும் மாற்ற முடியும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் மதர்போர்டுக்கு விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

பிள்ளைகள் படிக்கப் பயன்படும் லேப்டாப்பை வீணாக ஒதுக்கவைக்கும் இச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.