முதல் நாளில் கூச்சல் எழுந்தால்தான் மகத்தான இசையா?

புதிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு ஒன்றைக் கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்தால் போதும், ஒரு தகவல் வலம்வரத் தொடங்கிவிடுகிறது: “1913இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையைப் பொறுக்க முடியாமல் பாரிஸ் ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். மகத்தான படைப்புகள் எல்லாமே முதல் நாளில் தூற்றப்பட்டவைதான்.”

முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது முழுத் தவறு.

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் 1913 மே 29 அன்று மேடையேறிய ‘தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ கச்சேரி அல்ல, பாலே நடனம். இசை தொடங்கியதுமே முணுமுணுப்பு எழுந்தது உண்மைதான். ஆனால் திரை விலகி, பாதங்களை உள்நோக்கித் திருப்பியபடி நடனக் கலைஞர்கள் தரையதிரக் குதித்தபோது கூச்சல் வலுத்தது. ஆடியவர்களுக்கே ஆர்க்கெஸ்ட்ரா சரியாகக் கேட்கவில்லை. நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று தாளக் கணக்கை உரக்கக் கத்திக்கொண்டிருந்தார். காதில் சரியாக விழாத இசையை அரங்கம் நிராகரித்தது என்று எப்படிச் சொல்வது?

மறு ஆண்டு ஏப்ரலில், அதே பாரிஸில், முதல் நாள் ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்திய அதே பியர் மான்டூ, நடனம் இல்லாமல் இசையை மட்டும் வழங்கினார். ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிச் சென்றார்கள்! இந்தப் பாதியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

புதிய படைப்பு பிடிக்கவில்லை என்பவரை ‘ஞானசூனியம்’ என்று வாயடைக்க இந்தக் கதை பயன்படுவது கோபமூட்டுகிறது. கவனமாகக் கேட்டவர், எந்த இடத்தில் சலித்தது என்று சொல்வது இசையமைப்பாளருக்கும் தேவையான செய்தி.

இரண்டாவது கூற்றுக்கு ஓர் உதாரணமே போதும். 1813 டிசம்பரில் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி அரங்கேறியபோது, அதன் இரண்டாம் பகுதியை ரசிகர்கள் மறுபடியும் வாசிக்கவைத்துக் கேட்டார்கள்.