விழுந்தா சொல்லுங்க

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு மின்வாரியத்திலிருந்து என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. "தங்கள் புகார் சரிசெய்யப்பட்டு முடிக்கப்பட்டது." அதைப் படிக்கும்போது நான் திண்ணையில் பனைமட்டை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் ஒரு விளக்கு இல்லை. போனில் 9 சதவீதம் சார்ஜ். கரண்ட் போய் 53 மணி நேரம் ஆகியிருந்தது. எதைச் சரிசெய்தார்கள்? யார் வந்து பார்த்தார்கள்? இன்று மதியம் 2.40-க்குக் கரண்ட் வந்ததும், குளிக்கக்கூடப் போகாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புயல் அடித்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கஜாவையே பார்த்தவர்கள் நாங்கள். இது கோடை மழை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேற்கே கறுத்தது, இருபது நிமிடம் காற்று, அப்புறம் அரை மணி நேரம் மழை. அவ்வளவுதான். மாங்காய் கொட்டியது, நாலைந்து தென்னை மட்டை விழுந்தது. பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீற்றுக் கொட்டகை நிற்கிறது, சிமென்ட் போஸ்ட் விழுந்துவிட்டது.

எந்தப் போஸ்ட்? குளத்தடி வளைவில் இருந்த அதே போஸ்ட். கஜாவுக்குப் பிறகு நட்ட நாளிலிருந்து சாய்ந்தே நின்றது. முதல் வருடம் கொஞ்சம், அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம். போன வருடம் பார்த்தால் நடுவில் சிமென்ட் பெயர்ந்து உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அதற்கு அடியில்தான் போகும், வரும். நான்கு தடவை புகார் கொடுத்தேன். ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன், மூன்று தடவை போன். கடைசியாகப் பேசியது இந்த மார்ச் மாதம். பேசியது அப்படியே மனசில் இருக்கிறது.

"சார், குளத்தடி போஸ்ட் ரொம்ப சாஞ்சிருக்கு."

"கரண்ட் வருதா?"

"வருது சார்."

"அப்ப என்ன கம்ப்ளெயின்ட்?"

"சாஞ்சிருக்குன்னு சொல்றேன் சார். அடுத்த காத்துக்கு விழுந்துரும்."

"விழுந்துருச்சா?"

"இன்னும் விழல."

"விழுந்தா சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். இரண்டு மாதமாக இந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. விழுந்தா சொல்லுங்க. விழுந்தால் நான் ஏன் சொல்ல வேண்டும்? விழுந்தால் ஏழு ஊர் இருட்டாகும், அது ஒன்றே சொல்லிவிடும். விழுவதற்கு முன்னால் சொல்வதற்குத்தானே நான் போன் செய்தேன்? அவரிடம் இருக்கிற படிவத்தில் கரண்ட் இல்லை என்று எழுத இடம் இருக்கிறது, கம்பி அறுந்தது என்று எழுத இடம் இருக்கிறது. சாய்ந்திருக்கிறது என்று எழுத இடமே இல்லை போலிருக்கிறது. நம் ஊர் மின்சாரத்தின் மொத்தக் கதையும் இந்த இரண்டு வார்த்தையில் அடங்கிவிட்டது.

புதன்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். போஸ்ட் ரோட்டின் குறுக்கே கிடக்கிறது, அது முறிந்தெல்லாம் விழவில்லை. மண்ணிலிருந்து முளைக்குச்சி மாதிரி அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அடியில் மண்ணுக்குள் இருந்த பகுதி வரைக்கும் செம்மண் கறை, அதற்கு மேலே வெளுத்த சிமென்ட். கறை எதுவரை இருக்கிறது என்று குனிந்து என் கையால் அளந்தேன். இரண்டு முழம். இன்னொரு தடவையும் அளந்து பார்த்தேன். இரண்டு முழம்தான், மூன்று அடி.

மின்கம்பத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். இது லைன் வேலை பார்க்கிற யாருக்கும் தெரிந்த கணக்கு. ஒன்பது மீட்டர் போஸ்ட் என்றால் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்து அடி. இதுவோ குளத்தங்கரை, ஈர மண். இங்கே ஐந்து அடியோடு சேர்த்து அடியில் கான்கிரீட்டும் போட வேண்டும். அதுவும் வளைவில் நிற்கிற போஸ்ட். நேர் லைனில் இருக்கிற போஸ்ட்டை இரண்டு பக்கமும் கம்பி சமமாக இழுக்கும், வளைவில் இருப்பதை உள்பக்கமாக மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் எதிர்ப்பக்கம் தரையோடு இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி கட்டுவது. இந்தப் போஸ்ட்டுக்கு ஸ்டே கம்பி கட்டவே இல்லை. போதாததற்குக் கேபிள் டிவிக்காரர்களும் இன்டர்நெட்காரர்களும் சுருள் சுருளாக வயரை அதில் மாட்டி வைத்திருந்தார்கள். காற்று பிடிப்பதற்கு அது ஒன்று போதும்.

விழுந்தது அதோடு நிற்கவில்லை. கம்பி இழுத்த இழுப்பில் கிழக்கே இருந்த நான்கு போஸ்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன. நாலைந்து போஸ்ட்டுக்கு ஒன்றையாவது இரண்டு பக்கமும் ஸ்டே கட்டி அசையாமல் நிறுத்தியிருந்தால் சாய்வது அங்கேயே நின்றிருக்கும்.

கேட்டால் இயற்கைச் சீற்றம் என்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு ஆகும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற கணக்கு. இருபது நிமிடக் கோடைக் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வருகிற போஸ்ட், அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் புயல் வந்தால் என்ன ஆகும்? புயல் என்ன நமக்குப் புதிதா? 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டது. 2016-ல் வர்தா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா. 2020-ல் நிவர், 2023-ல் மிக்ஜாம், 2024-ல் ஃபெஞ்சல். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

கஜாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர 41 நாள் ஆனது, தோப்பு மோட்டார்களுக்கு இன்னும் அதிகம். அந்த நாற்பது நாளும் வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆட்கள் வயல் சேற்றில் இடுப்பளவு இறங்கித் தோளில் போஸ்ட் தூக்கினார்கள். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள், கை எடுத்துக் கும்பிட்டார்கள். அவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் போஸ்ட்டை அவசரத்தில் நட்டால் குழி ஆழம் குறையத்தான் செய்யும், ஜனங்கள் கரண்ட் கேட்டுச் சாலை மறியல் செய்துகொண்டிருந்தார்கள். அது எனக்குப் புரிகிறது. புரியாதது அதற்கு அப்புறம் வந்த வருடங்கள். அவசரத்தில் நட்ட போஸ்ட்டுகளை ஒன்றொன்றாகப் பார்த்து ஆழம் போதுமா, ஸ்டே இருக்கிறதா என்று சரிபார்க்க இத்தனை வருடத்தில் ஒரு ஆள் வந்தாரா? விழுந்ததை விழுந்த இடத்தில், விழுந்த மாதிரியே திரும்ப நடுவதற்குப் பெயர் மீட்பா?

உடனே யாராவது, எல்லாவற்றையும் பூமிக்கடியில் போடலாமே என்பார்கள். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், கடலூர் நகரங்களில் உலக வங்கிக் கடனில் புதைவடம் வேலை எடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் தென்னந்தோப்பு தோப்பாகப் புதைவடம் போட முடியாது, செலவு பல மடங்கு. சென்னையில் புதைவடம் இருந்தும் மிக்ஜாம் வெள்ளத்தில் என்ன ஆனது? ரோட்டோரம் தரையோடு ஒட்டி வைத்த பில்லர் பாக்ஸில், அதாவது வீடுகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்புகிற பெட்டியில், தண்ணீர் ஏறிவிட்டது. தண்ணீர் ஏறினால் கரண்ட்டை நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சாவார்கள். அந்தப் பெட்டியை நாலடி உயர மேடை கட்டி வைத்திருந்தால் எத்தனை தெருவுக்கு வெளிச்சம் இருந்திருக்கும்! மேடை கட்டுவது, குழியை ஆழமாகத் தோண்டுவது, மழைக்கு முன்னால் மட்டையைக் கழிப்பது, இதெல்லாம் கொத்தனாரும் மரம் ஏறுகிறவரும் செய்கிற வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. விழுந்தது எங்கள் ஊர் எல்லையில். எங்களுக்கு மேற்கே இருக்கிற மூன்று ஊருக்கு ஏன் கரண்ட் இல்லை? நடுவில் லைனைத் துண்டித்துப் பிரிக்கிற ஏ.பி. சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் பழுதான பகுதி தனியாகிவிடும், மற்ற ஊருக்கு லைன் கொடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை. லைன்மேன் தம்பி வந்து கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறார், அசையவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணெய் போட்டு எத்தனை வருடம் ஆனதோ. "எத்தனை தடவ எழுதிக் குடுத்துட்டேண்ணே" என்றார். ஆக அவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் கிரீஸ் இல்லாததால் மூன்று ஊர் மூன்று நாள் இருட்டு.

கரண்ட் இல்லை என்றால் ஃபேன் இல்லை என்று மட்டும் நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரியே மேல்நிலைத் தொட்டி காலி, மோட்டார் ஓடவில்லை. இரண்டாம் நாள் டவர் பேட்டரி இறங்கி, ஒரு சிக்னலுக்கு மொட்டை மாடியில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. என் அம்மாவுக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறார். மருந்துப் புட்டிகளை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பானையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி வைத்தேன். மணிக்கொரு தடவை சாக்கை நனைத்தேன். வியாழக்கிழமை காலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார், "இது கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" நிறத்தைப் பார்த்தேன், தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்ன சொல்வது? போடுங்கள் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஆட்கள் வந்தார்கள். புது போஸ்ட், பழைய குழி. குழியில் கிடந்த சேற்றை வாரிவிட்டு அப்படியே நிறுத்தப் போனார்கள். ஐந்து அடி தோண்டுங்கள் என்றேன். "இன்னும் மூணு ஊருக்குப் போகணும்ணே" என்றார் அந்தத் தம்பி. அவர் கண்கள் சிவந்து கிடந்தன. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. ஏழு ஊருக்கு அவர் ஒருத்தர், கூட இரண்டு கூலி ஆட்கள். அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நானும் சித்தப்பா மகனும் வீட்டிலிருந்து கடப்பாரை எடுத்து வந்து தோண்டினோம். ஒரு மணி நேரம் ஆனது. ஐந்து அடி. சுற்றிலும் கருங்கல் ஜல்லி போட்டுக் குத்தி இறுக்கினோம். போஸ்ட் நேராக நிற்கிறது, தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு கடப்பாரை, இரண்டு ஆள், ஒரு மணி நேரம். இதற்காகவா இத்தனை வருடம் சாய்ந்து கிடந்தது?

கிழக்கே இருக்கிற நான்கையும் பழைய ஆழத்திலேயே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்டே கம்பி ஒன்றுக்கும் இல்லை, ஸ்டோரில் வரவில்லையாம். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் தெருப் பையன்களும் போய் நான்கு போஸ்ட்டின் சாய்வையும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, தேதி போட்டுப் படம் எடுக்கப் போகிறோம். இந்தத் தடவை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்காமல் வர மாட்டேன்.

இதை எழுதி முடிக்கிற நேரம் மணி நாலரை. வெளியே வெயில் கொளுத்துகிறது. தெரு முழுக்கத் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. மூன்று ராத்திரி எரியாத விளக்குகள். அணைக்க ஆள் இல்லை, சுவிட்சுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அம்மா வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளில் இப்போதுதான் சிரிக்கிறார், நானும் சேர்ந்துகொண்டேன்.