இலக்கம் எல்லாருக்கும் தெரியட்டும், வாசல் ஒருவருக்கும் தெரியவேண்டாம்

நவம்பர் 25 கிட்ட வருகுது. கம்பஸிலும் கல்வியியல் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பிள்ளைகள் இப்பவே பதாகை எழுதத் தொடங்கியிருப்பார்கள். அன்றிலிருந்து டிசம்பர் 10 வரை 16 நாள், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாட்கள். இந்தமுறை ஊர்வலத்தோடு நிற்காமல், அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லம் ஒன்றுக்கு உதவவேண்டும் என்று சில மாணவர் அமைப்புகள் யோசிப்பது பெரிய சந்தோசம். அந்தத் தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலாவதாக, இல்லம் எங்கே இருக்கிறது என்பதை விடுங்கள். போகவும் வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பவளை ஒருவன் வெளியே தேடிக்கொண்டு திரிகிறான். யாழ்ப்பாணம் சின்ன ஊர். கேற்றடியில் நின்று எடுத்த ஒரு படத்தில் மதிலும், மதிலுக்கு மேலால் ஒரு கோயில் கோபுரத்தின் நுனியும், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையில் பாதியும் விழுந்தால் போதும். இது மானிப்பாயா சாவகச்சேரியா என்று ஊர்க்காரன் ஒருவன் பத்து நிமிசத்தில் சொல்லிவிடுவான். முகநூல் நேரலை, வட்ஸ்அப் ஸ்ரேற்றஸ், பதாகை கட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் ஓட்டோ எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவள் தங்கியிருக்கும் இல்லத்துக்குள் அவன் நுழையக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். ஆனால் அவன் படலையைத் தட்டிய பிறகுதான் அந்தக் கட்டளைக்கு வேலை வரும். தட்டாமல் வைத்திருப்பது எங்கள் எல்லாருடைய வாயிலும் போனிலும் இருக்கிறது.

சாமான்களைப் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் மூலமாகவோ, இல்லத்தை நடத்தும் அமைப்பின் ரவுண் அலுவலகத்திலோ ஒப்படைக்கலாம். பணம் தந்தவர்கள் படம் கேட்பார்கள், கேட்பதில் பிழையில்லை. கம்பஸ் மேசையில் பெட்டிகளை அடுக்கிவைத்து எடுங்கள். அதற்குமேல் ஒரு படமும் தேவையில்லை.

மறைக்கவேண்டியது இடம். பரப்பவேண்டியது இலக்கம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929, உயிருக்கு ஆபத்தென்றால் 119. அச்சடிக்க முதல் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நீங்களே ஒருக்கா அடித்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், தமிழில் கதைக்கிறார்களா, எத்தனை மணிவரை எடுக்கிறார்கள் என்று குறித்துவைத்தால்தான் துணிந்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

பெரிய சுவரொட்டியை விடச் சின்ன அட்டைதான் பயன். 9 சென்ரிமீற்றருக்கு 5.5 அளவில் வைத்தால் ஒரு ஏ4 தாளில் பத்து அட்டை வரும். அதில் ‘குடும்ப வன்முறை’ என்று கொட்டை எழுத்தில் போடாதீர்கள். கைப்பைக்குள் அது கிடந்து, கணவன் கண்டால் அன்றிரவே அடி விழும். ஒரு பக்கத்தில் அம்புலன்ஸ் 1990, மின்சாரசபை, பொலிஸ் என்று வழக்கமான அவசர இலக்கங்கள் இருக்கட்டும், அவற்றுக்கு நடுவே 1938 உம் இருக்கட்டும். எங்கே ஒட்டுவது என்பதிலும் யோசனை வேண்டும். சந்தியில் ஒட்டினால் நின்று வாசிக்க அவளால் முடியாது. பெண்களின் மலசலகூடக் கதவின் உட்பக்கம், புடவைக்கடையில் உடுப்புப் போட்டுப்பார்க்கும் அறை, தையற்கடை, பியூட்டி பாலர், தாய்சேய் கிளினிக்: இவைதான் அவள் தனியாக ஒரு நிமிசம் நிற்கும் இடங்கள். கதவில் ஒட்டும்போது கண் மட்டத்தில், குந்தியிருந்தாலும் வாசிக்கக்கூடிய உயரத்தில் ஒட்டுங்கள். பேப்பர் ஈரத்தில் ஊறும், அதனால் மேலே அகலமான செலோரேப் ஒட்டவேண்டும். கையால் கொடுப்பதென்றால் ஆண், பெண், கிழவி, குமரி என்று பார்க்காமல் எல்லாருக்கும் கொடுங்கள். பெண்களைத் தேடித்தேடிக் கொடுத்தால் வாங்கியவள்மேல் எல்லார் கண்ணும் விழும். அடித்த இலக்கம் போனின் அழைப்புப் பட்டியலில் கிடக்கும், அதை அழிக்கவேண்டும் அல்லது அயலாரின் போனில் அடிக்கவேண்டும் என்பதையும் வாயால் சொல்லிக் கொடுங்கள். இதை அட்டையில் எழுதவேண்டாம்.

தெருவெளி நாடகம் போடுவீர்கள் என்று தெரியும், எங்கள் ஊருக்கு அது நல்லாகப் பழகிய கலை. ஒரு வேண்டுகோள்: குடிகாரக் கணவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கும் காட்சி வேண்டாம். அந்த இடத்தில் பெடியள் சிரிப்பார்கள், சின்னப் பிள்ளைகள் அடுத்தநாள் அதை நடித்துக் காட்டுவார்கள். கூட்டத்தில் ஒருத்தி அதே ஆளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அடி மட்டும்தான் வன்முறை என்ற நினைப்பையும் அது வளர்க்கும். சம்பளக் காசைப் பிடுங்குவது, தாய்வீட்டோடு கதைக்க விடாதது, போனைத் தினமும் பரிசோதிப்பது எல்லாம் வெளியே தெரியாமல் போய்விடும். பக்கத்து வீட்டை நாடகமாக்குங்கள். சத்தம் கேட்டதும் ரீவியைக் கூட்டிவைக்கும் மாமி, “பொறுத்துப் போ பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்கிறாய்” என்று சொல்லும் பெரியம்மா, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடும் தமையன். அவர்கள்தான் உங்கள் பார்வையாளர்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் துணையிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்றால் அந்தப் பெரியம்மா எத்தனை பேர் என்று கணக்குப் பாருங்கள்.

நாடகம் முடிந்ததும் “இங்கே யாருக்கு இப்படி நடந்தது?” என்று கேட்கவே கூடாது. யாராவது தானாக வந்து சொன்னால் ஒதுக்குப்புறமாக இருத்திக் கேளுங்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போவது பயமில்லையா என்று கேளுங்கள். கணவனோடு கதைத்துச் சமாதானம் செய்துவைக்கப் போகாதீர்கள், நல்ல மனதோடு செய்யும் இந்த ஒரு வேலையால்தான் நிறையக் கெடும். உங்கள் அறையில் கொண்டுபோய் வைத்திருக்கவும் வேண்டாம். காயம் இருந்தால் அரச வைத்தியசாலை. அங்கே ‘நட்பு நிலையம்’, அதாவது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பிரிவு, இருக்கிறதா என்று கேட்டால் தாதியர் காட்டுவார்கள். பொலிசுக்குப் போனால் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் திரும்பக்கூடாது. முதலில் சொன்ன சட்டப்படி, அவனைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளைக்கு அவளும் விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நீதவான் உடனடியாக இடைக்காலக் கட்டளை கொடுத்து 14 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்கலாம். அதன்பின் வரும் கட்டளை 12 மாதம்வரை செல்லும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

சாமான் சேர்ப்பதில் வழக்கமாக நடக்கும் பிழை பழைய உடுப்பு. சொப்பிங் பையில் கட்டிய பழைய சாறி மூட்டைகள் வந்து குவியும், அடுக்க இடமில்லாமல் கடைசியில் இல்லத்தார்தான் எரிக்கவேண்டி வரும். உடுத்த உடுப்போடு, சில நேரம் செருப்பில்லாமல் வந்தவளுக்குத் தேவை புது உள்ளாடை, சோட்டி, துவாய், பாட்டா, சீப்பு, பிரஷ், சவர்க்காரம். ஒருத்திக்கு ஒரு பை என்று கட்டுங்கள், உள்ளாடை நடுத்தர அளவிலிருந்து மேலே இரண்டு மூன்று அளவுகளில் இருக்கட்டும். நாப்கின் ஒருத்திக்கு மாதம் பத்து உள்ள பைக்கற்று இரண்டு. பம்பர்ஸ் ஒரு குழந்தைக்கு நாளுக்கு ஐந்து என்றாலும் மாதம் 150. 400 கிராம் பால்மா, நாளுக்கு இரண்டு கிளாஸ் குடிக்கும் பிள்ளைக்கு ஒரு கிழமைதான் வரும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கேளாமல் பால்மா வாங்கவேண்டாம், தாய் பாலூட்டுகிறாளா என்று இல்லத்தாருக்குத்தான் தெரியும்.

எல்லாரும் மறந்துபோகும் செலவுகளைச் சொல்கிறேன். நீதிமன்றத் தவணைக்குப் போகும் பஸ் காசு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு இவற்றின் பிரதிகள். நகை அடகில் இருந்து, அடகுச் சீட்டு அவன் கையில் என்றால் அதற்கான அலைச்சல். பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குப் பழைய பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் எடுக்கவேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று தகப்பன் அங்கே விசாரித்தால் இல்லம் இருக்கும் ஊரே தெரிந்துவிடும். அதனால் அதிபரோடு முதலே கதைக்க ஆள் வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது வாடகை. ஒரு பெண் இல்லத்தில் சில மாதம்தான் இருக்கலாம். பிறகு வீடு தேடினால் “அவர் எங்க?” என்பதுதான் முதல் கேள்வி, அடுத்தது மொத்தமாக முற்பணம். அது இல்லாததால் திரும்ப அவனிடமே போன பெண்கள் இருக்கிறார்கள். கூழ் விற்றோ கலைநிகழ்ச்சி வைத்தோ காசு சேர்த்தால் முற்பணம், இரண்டு பாய், ஒரு அடுப்பு, சட்டி பானை என்று அதற்கே ஒதுக்குங்கள். காசு ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. தொடரிலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், இரண்டு பேர் கையெழுத்து, செலவுப் பில் எல்லாம் ஒரு ஃபைலில்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்கள், இல்லத்தார் சரியென்று சொன்னால், வெளி மண்டபம் ஒன்றில் ஒரு தவணை முழுக்க அதே ஆளாக வாருங்கள். கிழமைக்கு ஒருவர் மாறி வந்தால் பிள்ளை ஒவ்வொருமுறையும் புது ஆளுக்குப் பழகவேண்டும். தகப்பனைப் பற்றிக் கேட்கவேண்டாம், தனியாக ஒரு பிள்ளையோடு ஒருவர் இருக்கவும் வேண்டாம். உங்களுக்கு செமஸ்ரர் சோதனை வரும் மாதங்களை முதலே சொல்லிவிடுங்கள், கீழ் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பழக்கி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் பட்டியலையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கப் போங்கள்.