விழுந்த பிறகு என்ன செய்வது?

சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாப்பு பற்றிய உங்கள் கட்டுரை, எந்த விளக்கு, எந்தக் கேமரா வாங்கலாம் என்று விரிவாகச் சொல்கிறது. சரி, ஆனால் விழுந்த பிறகு செய்ய வேண்டியதற்கு இரண்டே வரிதானா? நின்றிருந்த காரின் கதவு திடீரெனத் திறந்து நான் விழுந்தபோது, கார் எண்ணைக் குறித்துக்கொண்டேன், படம் எடுக்கத் தோன்றவில்லை. மருத்துவரிடமும் போகவில்லை. மூன்றாம் நாள் தோள் வீங்கியது. இழப்பீடு கேட்டால், ‘அந்த விபத்தில்தான் பட்டதா?’ என்கிறார்கள். வளைந்த சக்கரத்தையும் அதற்குள் மாற்றி, பழையதைத் தூக்கிப் போட்டிருந்தேன். எல்லாம் என் அவசரம்!

அப்புறம் ஹெல்மெட். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. பலமாக அடிபட்டதை மாற்றிவிடுங்கள். இரண்டு பெடல்களையும் இணைக்கும் நடு அச்சுக்கு அடியில் பெரும்பாலும் பிரேம் எண் (சைக்கிளின் அடையாள எண்) பொறித்திருக்கும். அதையும் போனில் படம் எடுத்து வையுங்கள், சைக்கிள் திருடு போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.