அமெரிக்க ஜனநாயகத்தின் வேர் பிலடெல்பியாவில் இல்லை

1787 கோடையில் பிலடெல்பியாவில் 55 பேர் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள், அரசமைப்பை எழுதினார்கள், அமெரிக்க ஜனநாயகம் பிறந்தது. இப்படித்தான் நாமும் படித்தோம், நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வாஷிங்டன், மேடிசன், ஹாமில்டன் என்று பெயர்கள் வரிசையாக வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர்கள் கூடுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்குப் பகுதியின் சின்னச் சின்ன ஊர்களில் அது வேர்பிடித்துவிட்டது. அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெயர்கூடத் தெரியாத விவசாயிகள்.

மாசசூசெட்ஸில் டார்செஸ்டர் ஊரார் 1633-லேயே ஊர்க்கூட்டத்தை முறைப்படுத்திவிட்டார்கள். மற்ற ஊர்களும் அதே வழியில் போயின. அங்கே என்ன பேசினார்கள் என்று பார்த்தால் பெரிய தத்துவம் எதுவும் இருக்காது. எந்தப் பாதையைச் சரிசெய்வது, வாத்தியாருக்கு எவ்வளவு சம்பளம், அடுத்தவன் வயலுக்குள் புகுகிற பன்றிகளை என்ன செய்வது, இவைதான். வேலிகளைப் பார்வையிட ஆள், அலைகிற பன்றிகளைக் கவனிக்க ஆள் என்று ஆண்டுதோறும் ஊராரே தேர்ந்தெடுத்தார்கள். என்னென்ன பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும். அறிவிப்பில் இல்லாத விஷயத்தைக் கூட்டத்தில் திடீரென்று முடிவு செய்ய முடியாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும் வழியை அது அடைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மூலம் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் சிந்தனைதான் என்பார்கள். அரசு பற்றிய அவருடைய நூல் அச்சில் வந்தது 1689 கடைசியில். அதற்குள் இந்த ஊர்களில் இரண்டு தலைமுறை கூடிப் பேசி வாக்களித்துப் பழகியிருந்தது.

இந்தப் பழக்கம் மனிதரை என்ன செய்யும் என்பதை டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் எழுதியிருக்கிறார். மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில், பெர்க்‌ஷயர் மாவட்டத்து கிரேட் பேரிங்டன் ஊரில் 1868-ல் பிறந்த கறுப்பினச் சிந்தனையாளர் அவர். சிறுவயதில் ஊர்க்கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். மலைப்பக்கத்திலிருந்து ஒரு கிழவர் வருடா வருடம் வந்து உயர்நிலைப் பள்ளிக்குப் பணம் ஒதுக்கக்கூடாது என்று திட்டித் தீர்ப்பாராம். ஊரார் பொறுமையாகக் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் பள்ளிக்குப் பணம் ஒதுக்குவார்கள். அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டு பாய்ஸுக்கு முதலில் கிழவர்மீது கோபம்தான். பிறகுதான் புரிந்தது, அடுத்தவன் சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு நம் வாக்கை நாம் போடுவதுதான் ஜனநாயகம் என்று.

பிரிட்டிஷ் அரசுக்கும் இந்தக் கூட்டங்களின் பலம் தெரிந்திருந்தது. பாஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக 1774-ல் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்று, ஆளுநர் அனுமதியில்லாமல் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஊர்க்கூட்டம் போடக்கூடாது என்றது. வழக்கில் தீர்ப்புச் சொல்லும் சாதாரண மக்களான ஜூரிகளை அதுவரை ஊராரே தேர்ந்தெடுத்தார்கள், அவர்களை இனி அரசு அதிகாரியே நியமிப்பார் என்றது. வரிகூடப் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியவில்லை ஊர்க்காரர்களுக்கு. 1774 ஆகஸ்ட் 16 அன்று கிரேட் பேரிங்டனில் சுமார் 1,500 பேர் நீதிமன்றத்தைச் சூழ்ந்துகொண்டு நீதிபதிகளை உள்ளே போகவிடாமல் தடுத்தார்கள். அடுத்த மாதம் வூஸ்டரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ராஜினாமாவைத் திரும்பத் திரும்பப் படித்தபடி நடுவே நடந்துபோனார்கள். விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த துப்பாக்கி லெக்சிங்டனில் வெடிக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் என்னை அதிகம் அசத்துகிறது. சுதந்திரப் பிரகடனத்துக்குப் பிறகும் பெர்க்‌ஷயர் ஊரார் நீதிமன்றத்தைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. மன்னன் போய்விட்டான், சரி, உங்களுக்கு மட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று புதிய ஆட்சியாளர்களையே கேட்டார்கள். பிட்ஸ்ஃபீல்டு ஊரார் தாமஸ் ஆலன் என்ற பாதிரியாரின் தலைமையில் 1776-லேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: முதலில் மாநிலத்துக்கு ஒரு அடிப்படை அரசமைப்பு வேண்டும், அதை மக்களில் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு உயிர். கான்கார்டு ஊர்க்கூட்டம் அதே ஆண்டு இன்னொன்றைச் சொன்னது. சட்டமன்றமே அரசமைப்பை எழுதினால் நாளைக்கு அதுவே மாற்றியும் விடும். அதனால் எழுதுவதற்கென்று தனியாக ஒரு பேரவையை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டமன்றம் கேட்கவில்லை, தானே ஒன்றை எழுதி 1778-ல் ஊர்களுக்கு அனுப்பியது. ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஊர்கள் அதைத் தூக்கியெறிந்தன. அரசு கைவைக்கக் கூடாத மக்கள் உரிமைகளைச் சொல்லும் உரிமைப் பட்டியல் அதில் இல்லை. கறுப்பினத்தவருக்கும் பூர்வகுடிகளுக்கும் வாக்கில்லை என்று வேறு எழுதியிருந்தது. அந்த விலக்கை சட்டன் போன்ற சில ஊர்கள் வெளிப்படையாகவே கண்டித்தன.

பிறகு தனிப் பேரவை கூடியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் வரைவு எழுதினார். 1780-ல் அது ஒவ்வொரு ஊருக்கும் போனது, ஊரார் ஒவ்வொரு பிரிவாக எடுத்து விவாதித்து, எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பதில் எழுதினார்கள். சொத்து இல்லாத ஆண்களும் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடிந்தது. அந்த அரசமைப்பு பல திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. அதன் முதல் பிரிவு, மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்கிறது.

இந்த வரியை அப்படியே நம்பி வழக்குப் போட்டவர் ஒரு அடிமைப் பெண். பெயர் பெட். பெர்க்‌ஷயரின் ஷெஃபீல்டு ஊரில் ஜான் ஆஷ்லி என்ற பெரிய நிலக்காரரின் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில்தான் 1773-ல் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, மனிதர் இயல்பிலேயே சமமானவர்கள் என்று தீர்மானம் எழுதினார்கள். ஒருநாள் எஜமானி அடுப்பில் காய்ந்த கரண்டியை வேறொரு பெண்மீது ஓங்க, பெட் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்தத் தழும்பைக் கடைசிவரை அவர் மறைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேசுவதைக் கேட்கத் தெரியும். 1773 தீர்மானத்தை எழுதிய குழுவில் இருந்த வழக்கறிஞர் தியோடர் செட்ஜ்விக்கிடமே போய், இந்தச் சட்டம் எனக்கும்தானே என்று கேட்டார். பிராம் என்ற அடிமையும் சேர, 1781 ஆகஸ்டில் வழக்கு வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு 1,500 பேர் மறித்தார்களே, அதே கிரேட் பேரிங்டன் நீதிமன்றத்தில். ஊர்க்காரர்களைக் கொண்ட ஜூரி இருவரும் அடிமைகள் அல்ல என்றது. 30 ஷில்லிங் இழப்பீடும் வாங்கிக் கொடுத்தது. கூலி தருகிறேன் வா என்று ஆஷ்லி கூப்பிட்டும் பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு 1829 வரை வாழ்ந்தார். அவருடைய வழக்கும், குவாக் வாக்கர் என்ற இன்னொரு அடிமையின் வழக்கும் சேர்ந்து மாசசூசெட்ஸில் அடிமை முறையைச் சாய்த்தன. 1790 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்தில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம். அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியவர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் நான் இவர் பெயரை ஆடம்ஸ் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவேன்.

இந்த ஊர்களைப் புனிதமாக்க வேண்டாம். இதே மாசசூசெட்ஸ் 1641-லேயே அடிமை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் கொடுத்தது. பெண்களுக்கு ஊர்க்கூட்டத்தில் வாக்கில்லை. எனக்கு மிகவும் வலிக்கிறது பக்கத்து ஊரான ஸ்டாக்பிரிட்ஜின் கதை. மொஹிக்கன் பூர்வகுடிகளுக்காக அமைந்த ஊர் அது. ஆரம்பத்தில் ஊர் நிர்வாகப் பதவிகளில் அவர்களும் இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிலமும் பதவியும் வெள்ளையர் கைக்குப் போயின. விடுதலைப் போரில் அமெரிக்கர்கள் பக்கம் நின்று உயிரைக் கொடுத்த அந்த மக்கள், போர் முடிந்த கையோடு நியூயார்க் பக்கம் குடிபெயர வேண்டியதாயிற்று. கூடிப் பேசி வாக்களித்தே ஒரு சமூகத்தை வெளியேற்ற முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, பிலடெல்பியாவுக்கு வருவோம். 1786-ல் கடனும் வரியும் நெருக்க, மேற்கு மாசசூசெட்ஸ் விவசாயிகள் டேனியல் ஷேஸ் முதலானவர்களோடு சேர்ந்து மறுபடி நீதிமன்றங்களை மறித்தார்கள். இந்த முறை அவர்களைக் கலகக்காரர்கள் என்றார்கள், படையை அனுப்பி அடக்கினார்கள். அந்தப் பயம் பிலடெல்பியா அறைக்குள்ளும் வந்தது. நாடு படும் துன்பமெல்லாம் ஜனநாயகம் அளவுக்கு மீறிப்போனதால்தான் என்று அங்கே பேசியவர் மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத ஏற்பாடும், மக்களவை இடங்களைப் பங்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் கணக்கும் அந்த அறையில் முடிவானவைதான். ஆனால் கூட்டம் முடியும் தறுவாயில் வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன் உரிமைப் பட்டியல் வேண்டும் என்றபோது, தீர்மானம் கொண்டுவந்தவரும் இதே கெர்ரிதான். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

பிலடெல்பியாவில் எழுதிய அரசமைப்பு ஒப்புதலுக்காக மாசசூசெட்ஸ் வந்தபோது ஊர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகள் லேசில் இணங்கவில்லை. 1788 பிப்ரவரியில் 187-க்கு 168 என்ற கணக்கில்தான் அது தப்பியது, அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்த பிறகு. அந்த வழியைப் பார்த்து அடுத்து வந்த பல மாநிலங்களும் திருத்தம் கேட்டன. பேச்சுரிமை, மத உரிமை, ஜூரி விசாரணை என்று இன்று உலகமே மேற்கோள் காட்டும் பத்துத் திருத்தங்கள் 1791-ல் சேர்ந்தது இந்த நெருக்கடியால்தான்.